பாஸ் மீனும் பாண்டிருப்புத் தவராசா அண்ணனும்

1

சாச்சாவின் குரல் பதிவு வந்தபோது நான் பள்ளிக்கூட பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டேன்.

“மகன் றபீக், உன்ட மகள் போட்ட படத்தப் பாத்தம். மீன் பெரிசாத்தான் இரிக்கி. பக்கத்தில நிக்கிற ஆள் ஆரு? பாண்டிருப்புத் தவராசா எண்டு இஞ்ச கதைக்கிறாங்க. அந்தாளோடயா நீ ஒரே தோணியில போறாய்? வாப்பா மௌத்தான விதத்த மறந்திட்டியா?”

சாச்சா என் வாப்பாவின் தம்பி. வாப்பா போன பிறகு எங்களை வளர்த்தவர். அவர் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் குரல் பதிவுக்குக் குரல் பதிவில் பதில் சொல்லும் விசயம் இல்லை இது. அன்றைக்கு ஸலாம் மட்டும் அனுப்பினேன். அது போன வருடம். இப்போது இந்த வருடப் பாஸ் மீன் பருவம் திறக்கப் போகிறது. அந்தப் படம் மருதமுனையில் இன்னமும் பேச்சில் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். ஆகவே எழுதுகிறேன்.

நான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் சிறிய நகரம் ஒன்றில் இருக்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். கோடையில் பள்ளிக்கூடம் மூடினால் எனக்கும் விடுமுறை. அந்த மாதங்களில் என்ன செய்கிறாய் என்று உம்மா ஒருமுறை தொலைபேசியில் கேட்டார்.

“பாஸ் பிடிக்கப் போறன் உம்மா.”

“என்னத்துக்கு மகன்? வீட்டில என்ன உடைஞ்சி போச்சி? மேசன் பாஸா, ஓடாவி பாஸா?”

ஊரில் பாஸ் என்றால் மேசன், தச்சன் போன்ற கைவேலைக்காரர். இது மீன் உம்மா என்று விளங்கப்படுத்தினேன். நன்னீர் மீன். முதுகு பச்சை, வயிறு வெள்ளை, பக்கத்தில் கறுப்புக் கோடு, ஒரு கை நுழையக்கூடிய வாய். எங்கள் விராலுக்கு உறவில்லை, ஆனால் குணம் ஏறக்குறைய அதே குணம். தண்ணீருக்குள் விழுந்து கிடக்கும் மரத்தடியிலும் பாசி ஓரத்திலும் ஒளிந்து நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். ஓடித் துரத்தும் மீன் இல்லை, காத்திருந்து அடிக்கும் மீன்.

வருடம் முழுக்க அதைப் பிடிக்க விடமாட்டார்கள். வசந்தகாலத்தில் ஆண் மீன் கரையோரம் வாலால் மணலைக் கிளறிக் குழி செய்து, முட்டைகளுக்குக் காவல் நிற்கும். ஒழுங்காகச் சாப்பிடக்கூட விலகாது. அந்த நேரம் அதைத் தூக்கினால், திருப்பி விட்டாலும், அதற்குள் மற்ற மீன்கள் முட்டையை முடித்துவிடும். ஆகவே சட்டம் பூட்டுப் போட்டிருக்கிறது. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை பூட்டுத் திறக்கும். அன்று விடியற்காலை இந்த ஊர் ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

2

தவராசா அண்ணனைச் சந்தித்தது மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போன இடத்தில். இங்கே தூண்டில் போடுவதற்கும் அட்டை வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் உயரம் கேட்டாள், சொன்னேன். கண்ணின் நிறம் கேட்டாள். என் கண் கறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

“பிளாக் ஐ” என்றேன்.

அவள் கணினியை விட்டுவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “உங்களுக்கு ஏதும் உதவி வேணுமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு தமிழ் கேட்டது.

“பிறவுண் எண்டு சொல்லுங்க தம்பி. இஞ்ச பிளாக் ஐ எண்டா ஆரோ குத்தி வீங்கின கண்.”

திரும்பினேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். டயர் கடைச் சீருடை, நகக் கண்ணெல்லாம் கறுப்பு. பிறவுண் என்று சொல்லி அட்டையை எடுத்துக்கொண்டு அவருக்காக வெளியே நின்றேன். வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்டு நாலைந்து மாதமாகியிருந்தது.

“தம்பி எந்த ஊர்?”

“கல்முனப் பக்கம்.”

“கல்முனையில எங்க?”

“மருதமுன.”

அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“நான் பாண்டிருப்பு” என்றார்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மருதமுனையும் பாண்டிருப்பும் பிரதான வீதியில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள். ஒன்று முஸ்லிம் ஊர், மற்றது தமிழ் ஊர். நடுவில் இருப்பது ஒரு ஒழுங்கை, ஒரு சின்னச் சந்து. எங்கள் பள்ளிவாசல் பாங்கு அவர்களுக்குக் கேட்கும். அவர்களுடைய கோயில் மணி எங்களுக்குக் கேட்கும். நான் பிள்ளையாக இருந்தபோது அந்த ஒழுங்கையைத் தாண்டுவது ஒரு விசயமே இல்லை. யுத்தம் நடந்த தொண்ணூறாம் ஆண்டு அதைத் தாண்டினால் உயிர் இல்லை.

இரண்டு பேரும் அந்த வாகனத் தரிப்பிடத்தில் நின்று அதைத்தான் நினைத்தோம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அன்றைக்கு அவர் வாய்விட்டுக் கேட்டது வேறு.

“தடி என்ன வச்சிருக்கீங்க?”

3

நான் கடையில் மலிவாகக் கிடைத்த நீளத் தடி ஒன்றும் ஒரு பெட்டி நிறையப் போலி இரைகளும் வாங்கி வைத்திருந்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பெரும்பகுதியை ஒதுக்கினார். “இதெல்லாம் மீன் பிடிக்கச் செய்ததில்ல தம்பி. மனிசரப் பிடிக்கச் செய்தது.”

புதிதாக இங்கே வந்து தூண்டில் எடுக்க நினைக்கும் நம்மவர்களுக்காக அவர் எனக்குச் சொன்னதை எழுதி வைக்கிறேன்.

ஒரு தடி போதும். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடியது. நுனி வளைய வேண்டும், நடு வளையக் கூடாது. நுனி இளகாவிட்டால் மீன் தொடுவது கைக்குத் தெரியாது. நடு இளகினால் பாசிக்குள் ஓடும் மீனைத் திருப்ப முடியாது. தங்கூசி என்கிற ஒற்றை நைலோன் நூலைவிடப் பின்னல் நூல் நல்லது. அது இழுபடாது, ஆனபடியால் தண்ணீருக்கடியில் நடப்பது விரலுக்கு வந்து சேரும். தெளிந்த தண்ணீர் என்றால் பின்னல் நூலின் நுனியில் இரண்டு முழம் தங்கூசியைக் கட்டிக்கொள்ள வேண்டும், மீனின் கண்ணுக்கு நூல் படாமலிருக்க.

முதல் இரை ரப்பர்ப் புழு. நூலில் தோட்டா வடிவ ஈயம் ஒன்றைக் கோர்த்து, பிறகு முள்ளைக் கட்ட வேண்டும். முள்ளைப் புழுவின் தலையில் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். முள் வெளியே தெரியாதபடியால் பாசியில் கொளுவாது. பாசி முடிந்து ஆழம் தொடங்கும் ஓரத்தில் எறிந்து, புழுவைத் தானாக விழ விட வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் இதில்தான் பிழை விடுவார்கள். எறிந்த கையோடு சுற்றத் தொடங்குவார்கள். பாஸ் பெரும்பாலும் விழும்போதுதான் எடுக்கும். நூலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நூல் ஒரு துள்ளுத் துள்ளும், அல்லது சும்மா பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும். அப்போது தடியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றியெடுத்து, பிறகு ஓங்கி இழுக்க வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கடையில் ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். தெளிந்த தண்ணீருக்குப் பச்சை, கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு. அதற்கு மேல் காசை வீணாக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது ரப்பர்த் தவளை. அல்லி இலைகளின் மேல் எறிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளவைத்து, இலைகளுக்கிடையே தண்ணீர் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். தண்ணீர் வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கு இழுத்தால் மீன் இல்லை. தவளை வாயைத் தாண்டி உள்ளே போவதற்கு நேரம் கொடுத்து, பாரம் கையில் தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். முதல் கோடையில் எனக்கு வந்த மீன்களெல்லாம் அந்த அவசரத்தில்தான் போயின.

“நீ பயத்தில இழுக்கிறாய்” என்றார் அண்ணன். அதற்குள் “நீங்க” போய் “நீ” வந்திருந்தது. “சத்தம் கேட்டா உடம்பு தன்பாட்டில இழுக்குது. எனக்கும் அப்பிடித்தான் இருந்தது.”

விராலுக்கு நாங்கள் உயிர்த் தவளை போட்டிருக்கிறோம். வாப்பாவுக்கு நாவிதன்வெளியில் வயல் இருந்தது. வெட்டு முடிந்த நாட்களில் வாய்க்காலில் ஆற்றுவாழை என்கிற ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும். அதற்கிடையில் தவளையைத் தட்டிக்கொண்டே போவார், நான் பையோடு பின்னால். இதை ஒருநாள் படகில் சொன்னேன்.

“நாங்களும் அந்த வாய்க்கால்லதான்” என்றார் அவர். “பாலத்துக்கு அங்கால.”

அதற்குப் பிறகு நெடுநேரம் இரண்டு பேரும் தவளையை எறிந்துகொண்டே இருந்தோம்.

4

அவருக்குத் தட்டையான அலுமினியப் படகு ஒன்று இருந்தது. பாதி விலைக்கு வாங்கி, ஓட்டையைத் தானே அடைத்தது. அவருடைய மனைவி மகனின் பிள்ளைகளைப் பார்க்கக் கல்கரிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மகன் ஆங்கிலத்தில் பேசுவான், இவர் தமிழில் பேசுவார், பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். சனிக்கிழமை என்றால் படகு, நான், அவர்.

லுஹர் நேரம் வந்தால் படகைக் கரைக்கு விடுவார். நான் தொழுது முடியும்வரை கயிற்றைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நிற்பார். தேத்தண்ணிப் போத்தலும் கடலை வடையும் கொண்டுவருவார். இறைச்சி சேர்ந்த எதையும் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை, நான் கேட்டுக்கொள்ளாமலே.

பிடித்த மீனைப் பெரும்பாலும் திருப்பி விடுவோம். விளையாட்டுக்காக உயிரை வதைக்கலாமா என்ற கேள்வி எனக்கு உண்டு. அது இன்னும் தீரவில்லை. ஆகவே எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். வீட்டுக்குத் தேவையான அளவு பிடித்தால் தூண்டிலைச் சுற்றிவிடுவேன். பெரிய மீன்கள் இனம் பெருக்கும் மீன்கள், அவற்றை விடுவேன். விடுகிற மீனைக் காய்ந்த கையால் தொடக் கூடாது, உடம்பின் வழுவழுப்புப் போய்ப் புண் வந்து செத்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, பெருவிரலால் கீழ்த்தாடையைப் பிடித்து, மற்றக் கையால் வயிற்றைத் தாங்கித் தண்ணீருக்குள் வைத்தால் தானே போகும்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் சின்ன மீனை என் மனைவி நூறுல் மஞ்சளும் தேசிப்புளியும் பிசறி வைத்துப் பாசி மணத்தைப் போக்கி ஆணம் வைப்பாள். ஆனால் அந்த மீன் யாருடைய படகில் வந்தது என்பது அவளுக்குத் தொண்டையில் நின்றது.

“இஞ்சாருங்க, தெரிஞ்சிதான் போறீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். “தண்ணிக்கு நடுவில, அந்தாளும் நீங்களும் மட்டும்.”

“அவர் ஒரு நல்ல மனிசன், நூறுல்.”

“நல்ல மனிசர்ட ஆக்கள்தானே அண்டைக்கும் பாத்துக்கொண்டிருந்த.”

 அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். தொண்ணூறில் வாப்பா வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனார். ஆயுதத்தோடு வந்த தமிழ் இயக்கத்தவர்கள் வரம்பில் வைத்துச் சுட்டார்கள். மையித்து வீட்டுக்கு வந்தபோது காலில் சேறு காய்ந்திருந்தது. சாச்சா அதைக் கழுவியது இப்போதும் எனக்குத் தெரிகிறது. அதே வருடம் பாண்டிருப்பில் ஆமிக்காரர்கள் இளம் ஆண்களை வரிசையாக நிற்க வைத்துக் கொண்டுபோனார்கள். தவராசா அண்ணனின் மூத்த சகோதரரும் அதில் ஒருவர். அவர் திரும்பவில்லை. அடையாளம் காட்டியது மருதமுனையான் ஒருவன் என்று அவர்களுடைய ஊரில் பேச்சு. அவருடைய சகோதரரின் விசயத்தை, அவரைச் சந்தித்த அதே கிழமை ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு அறிந்துகொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. படகில் அந்த வருடத்துக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லாமலே ஒரு ஏற்பாடு இருந்தது.

5

அந்த ஏற்பாடு உடைந்தது ஒரு முள்ளால்.

மீன் வடிவத்தில் செய்த மரத்துண்டுப் போலி இரை ஒன்று உண்டு. வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மூன்று நுனி கொண்ட முட்கள் தொங்கும். அதில் ஒரு பாஸ் வந்தது. நான் குறடை எடுக்காமல் வெறுங்கையைக் கொண்டுபோனேன். மீன் உதறியது. ஒரு முள் அதன் வாயில், மற்ற முள் என் உள்ளங்கையில், பெருவிரல் அடியில் எலும்புவரை. மீன் இன்னும் உதறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் முள் ஆழமாகப் போனது. நான் கத்தியது அக்கரைவரை கேட்டிருக்கும்.

அண்ணன் படகு ஆடாமல் முழங்காலில் நகர்ந்து வந்து மீனின் தாடையை இறுக்கிப் பிடித்தார். குறடால் என் கையிலிருந்த முள்ளின் காலை மேலே வெட்டி, மீனின் வாயிலிருந்து மற்றதைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டார். இப்போது முள் மட்டும் கையில். நுனிக்குப் பின்னாலுள்ள சிறிய எதிர்முள் சதைக்குள் போய்விட்டால் வந்த வழியே இழுக்க முடியாது. அதற்கொரு முறை உண்டு. முள்ளின் வளைவில் தடித்த நூலைச் சுற்றி, முள்ளின் காலைத் தோலோடு அழுத்திக்கொண்டு, நூலை ஒரே வெட்டில் இழுக்க வேண்டும். அவர் அதைப் பலருக்குச் செய்திருக்கிறார்.

நூலைச் சுற்றினார். என் மணிக்கட்டைத் தன் முழங்காலில் வைத்து அழுத்தினார். நான் கண்ணை மூடி ஓதினேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் நூலை விட்டிருந்தார்.

“ஏலாது தம்பி. உனக்கு என்னால ஏலாது.”

படகைத் திருப்பினார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். 

அவசரப் பிரிவில் முதலில் அட்டை, பிறகு முகவரி, பிறகு கேள்விகள். கூட வந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று பதிவு செய்யும் பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார், “நெய்பர்.”

அவள் இரண்டு முகவரிகளையும் பார்த்தாள். அவருடைய வீடு என் வீட்டிலிருந்து காரில் நெடுந்தூரம். “நெய்பரா?” என்று மறுபடி கேட்டாள்.

“ஓம்” என்றார். தமிழில் சொன்னது அவருக்கே தெரியவில்லை. அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும், எழுதிக்கொண்டாள்.

பிளாஸ்டிக் கதிரைகளில் காத்திருந்தோம். உயிர் போகிற நோயாளிகளுக்கு முதலிடம், முள் ஏறியவன் கடைசி. என் கையில் துண்டு சுற்றியிருந்தது. அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உன்ட வாப்பாட விசயம் எனக்குத் தெரியும். மருதமுனை எண்டு நீ சொன்ன அண்டைக்கே ஊருக்கு எடுத்துக் கேட்டனான்.”

“நானும் கேட்டனான்” என்றேன். “உங்கட அண்ணன்ட விசயம்.”

“தெரிஞ்சிமா இவ்வளவு காலம் வந்தனீ?”

“நீங்களும் தெரிஞ்சிதானே கூட்டிப் போனீங்க.”

தலையை ஆட்டினார். “நீ ஒருநாள் கேப்பாய் எண்டு நினைச்சன். உங்கட ஆக்கள் ஏன் செய்தாங்க எண்டு. அப்பிடிக் கேட்டா, நான் அதில இல்லத் தம்பி எண்டு சொல்ல வேணும் எண்டு வச்சிருந்தன். ஒவ்வொரு சனியும் வச்சிருந்தன். நீ கேக்கவே இல்ல.”

“நீங்க அதில இல்ல எண்டு எனக்குத் தெரியும்.”

“என்னண்டு தெரியும்?”

 என் காயமில்லாத கையை அவருடைய முழங்காலில் வைத்தேன். அவர் அழுதார். சத்தம் இல்லாமல், டயர் கடைச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு. எதிரே இருந்த கிழவி ஒருத்தி எழுந்து வந்து அவரிடம் காகிதக் கைக்குட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் கைக்காக அழுகிறார் என்று நினைத்திருப்பாள்.

மருத்துவர் கடைசியில் வந்து, அதே நூலைச் சுற்றி அதே முறையில் ஒரே இழுவையில் முள்ளை எடுத்தார். டெட்டனஸ் வராமலிருக்க ஏற்பூசி போட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிட்டுத்தான் கட்டுகிறோம். சில மீன் தப்பிப் போகும். போகட்டும்.

6

என் கையைப் பார்த்த நூறுல், யார் கொண்டுபோனது, யார் கூட இருந்தது என்றெல்லாம் கேட்டாள். சொன்னேன். அவர் அழுததையும் சொன்னேன்.  அடுத்த கிழமை அவளாகவே தொலைபேசியை எடுத்து, “அண்ணன், ஞாயிற்றுக்கிழம சாப்பிட வாங்க” என்றாள்.

வந்தார். மகள் அஸ்மாவும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். அவள் பிறந்தது இங்கே. தமிழ் விளங்கும், பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடுவாள். தொண்ணூறைப் பற்றி நான் அவளுக்கு எதுவும் சொன்னதில்லை. வாப்பாவின் வாப்பா வயலில் மௌத்தானார் என்பது மட்டும் தெரியும். வயதாகி என்று நினைத்திருந்தாள்.

“அங்கிளுக்கு சகோதரங்கள் இருக்கா?” என்று மரியாதைக்குக் கேட்டாள்.

“ஒரு அண்ணன் இருக்கிறார்” என்றார் அவர். பிறகு, “இருந்தவர்.”

அஸ்மா சோற்றில் கையை வைத்தபடி யோசித்தாள். சின்ன வயதிலிருந்தே தமிழ் வினைச்சொற்களில் அவள் தடுமாறுவாள். தான்தான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தாள்.

“எது சரி அங்கிள்? இருக்கிறாரா, இருந்தாரா?”

நூறுல் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் பேச்சை மாற்ற வாயெடுத்தேன். அண்ணன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“அது எனக்கும் தெரியா மகள்” என்றார்.

அவர் போன பிறகு அஸ்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “ஏன் வாப்பா எனக்குச் சொல்லல்ல?” என்று மட்டும் கேட்டாள். கதவை மூடிக்கொண்டு நெடுநேரம் உள்ளே இருந்தாள். அடுத்த பருவம் திறந்த நாளில் தானும் வருவதாகச் சொல்லி வந்தாள். கரையில் நின்று அவள் எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படம்.

7

இந்த மாரியில் உம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தேன். தவராசா அண்ணனும் வந்தார். அவருடைய தாய் உயிரோடு இருக்கும்வரை மூத்த மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க விடவில்லை. ஒவ்வொரு விசாரணைக்கும் போய், காணாமல் போனவர் என்றுதான் எழுதக் கொடுத்தார். தாயும் போய்விட்டார். இனி இருப்பது இவர் ஒருவர்.

ஒருநாள் அவரை மருதமுனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சாச்சா வந்தார், சாப்பிட்டார், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாச்சாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சேற்றைக் கழுவிய கை அவருடையது. வெளிக்கிடும்போது படலையடியில் நின்று அண்ணனிடம் கேட்டார்.

“நாவிதன்வெளியில உங்கட காணி எந்தப் பக்கம்?”

“பாலத்துக்கு அங்கால, ஐயா.”

“தண்ணி வருதா?”

“இந்தமுறை வருதாம்.”

“ம்” என்றார் சாச்சா. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை அண்ணன் சான்றிதழ் விசயமாகக் கல்முனையில் அலுவலகத்துக்குப் போனார். நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். அவர் திரும்பி வர மதியமாகிவிட்டது. கையில் ஒன்றுமில்லை, தபாலில் வருமாம். வீதியோரத்தில் நின்றோம். அக்கரைப்பற்று பஸ் ஒன்று ஆள் கூப்பிட்டுக்கொண்டு நின்றது.

“எந்தத் திகதியில செத்தவர் எண்டு கேட்டாங்க” என்றார். “கொண்டுபோன நாளத்தான் சொன்னன். வேற என்னத்தச் சொல்ல?”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உங்கட ஆக்களில ஒருத்தர் மௌத்தானா என்ன சொல்லுவீங்க?”

“நாங்க அல்லாஹ்வுக்குரிய ஆக்கள், அவனிட்டயே திரும்பிப் போவம் எண்டு சொல்லுவம்.”

“மறுகா?”

“மறுகா வீட்டுக்காரர்ட கையப் பிடிப்பம்.”

அவர் கையை நீட்டவில்லை. அப்படியே நின்றார். நான்தான் அவருடைய கையை எடுத்தேன். இரண்டு கைகளாலும் பிடித்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடங்களில் இந்த மனிதரிடம் அவருடைய அண்ணனுக்காக யாரும் துக்கம் விசாரித்ததில்லை. செத்தார் என்று யாரும் சொல்லாதபடியால் யாரும் வரவில்லை. செத்த வீடு நடக்கவில்லை, வாசலில் கதிரை போடவில்லை, ஒருவரும் இவரைக் கட்டிப் பிடிக்கவில்லை. பஸ் நடத்துனர் எங்களைப் பார்த்து, ஏறுகிறீர்களா இல்லையா என்று கத்தினான். நாங்கள் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில், பாண்டிருப்புக் கடற்கரையில் கிரியை செய்தார். என்னை வரச் சொன்னார். நான் சற்றுத் தள்ளி மணலில் நின்றேன். அவருடைய சட்டையும் கண்ணாடியும் செருப்பும் என் கையில் இருந்தன. கரையில் வள்ளம் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் என் தொப்பியைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள். குருக்கள் எள்ளையும் தண்ணீரையும் அவருடைய உள்ளங்கையில் ஊற்றினார். இறந்தவரின் பெயரைச் சொல்லச் சொன்னார்.

இத்தனை கோடைகள் ஒரே படகில் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் ‘அண்ணன்’ என்று மட்டும் சொல்லியே கடந்து வந்த ஆள் அவர். பெயரை நான் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை.

அலைச் சத்தத்தில் முதல் தடவை சொன்னது குருக்களுக்குக் கேட்கவில்லை. அவர் காதைச் சாய்த்தார். தவராசா அண்ணன் கடலைப் பார்த்து, வள்ளத்துக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரத்துச் சொன்னார்.

“யோகராசா.”